படம் பார்த்து மூச்சு கொடுப்பது

மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ பொத்தேரியில் உள்ள மருத்துவமனைக்கோ மூச்சுத்திணறலோடு ஒருவரைக் கொண்டு ஓடும் குடும்பம் கேட்பது ஒன்றுதான்: வென்டிலேட்டர் கிடைக்குமா? கோவிட் நாட்களில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மெஷின் கிடைத்த பிறகு அதில் என்ன அளவு வைக்கிறார்கள் என்பதிலும் உயிர் இருக்கிறது.

நிமோனியாவோ உண்ணிக் காய்ச்சலோ முற்றி நுரையீரல் செயலிழக்கும்போது அது எங்கும் ஒரே மாதிரி கெடுவதில்லை. இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி 1980களில் இப்படிப்பட்டவர்களை சிடி ஸ்கேனில் பார்த்தார். மல்லாந்து படுத்தவரின் முதுகுப் பக்கம் நீர் கோத்து அமுங்கிக் கிடந்தது. மார்புப் பக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே காற்று வாங்கியது. பெரியவர் உடம்பில் குழந்தை அளவு நுரையீரலே வேலை செய்கிறது. முழு அளவு காற்றை அடித்தால் அந்த நல்ல பகுதிதான் சேதமாகும்.

அதனால்தான் காற்றின் அளவைக் குறைவாக வைக்கிறார்கள்; அதையும் எடையை வைத்து அல்ல, நுரையீரலின் அளவைக் காட்டும் உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 165 செ.மீ. உயர ஆணுக்கு, அவர் 60 கிலோவோ 90 கிலோவோ, ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மில்லி. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதைப் போல இரு மடங்கு கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்தக் குறைந்த அளவில் 31 சதவீதம்.

அடுத்தது, மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் மூடிக்கொள்ளாமல் தாங்கும் அழுத்தம். ஸ்கேன் படம் உதவுவது இங்கேதான். சேதம் எங்கும் பரவியிருந்தால் கூடுதல் அழுத்தம் மூடிய பகுதிகளைத் திறக்கலாம். முதுகுப் பக்கம் மட்டும் என்றால், அதே அழுத்தம் முன்பக்கத்தை வீணாக ஊதவைக்கும். அப்படிப்பட்டவருக்குக் குறைந்த அழுத்தமும் குப்புறப் படுக்கவைப்பதும் பொருந்தும். 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு சுமார் 400 பேரில் பாதிப் பேருக்கு இப்படிப் பிரித்துச் சிகிச்சை தந்தது. மொத்தத்தில் பலன் தெரியவில்லை. காரணம் கவனிக்க வேண்டியது: ஐந்தில் ஒருவரின் படம் தவறாகப் படிக்கப்பட்டிருந்தது, சேதத்தின் வகைக்குப் பொருந்தாத அளவு வைக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடியது.

ஆகவே ஸ்கேன் மெஷின் வாங்குவதோடு வேலை முடியாது. குழாய்களோடு கிடப்பவரை சிடி அறைக்கு நகர்த்துவதே ஆபத்து. படுக்கையருகே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் நீர் கோத்த இடத்தையும் அமுங்கிய இடத்தையும் காட்டும். அளவுக்கு மீறி ஊதிய இடத்தைக் காட்டாது. இந்த வரம்பு தெரிந்தவர் கையில்தான் அது பயன்படும். அரசு மருத்துவமனை ஐசியூக்களில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு இந்தப் படங்களைப் படிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். உயரம் அளக்கும் டேப் ஒவ்வொரு படுக்கையிலும் இருக்கட்டும். அதற்குச் செலவே இல்லை.