பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துத் தெருவில் ஒரு சிவப்பு கார் மெல்ல வந்து நிற்கும். வெள்ளை முடிக்காரர் ஒருவர் இறங்குவார். கொலைகாரனைத் தேடும் வேலை ஆரம்பமாகும்.

‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’, 1987 முதல் 2000 வரை பிரிட்டன் குடும்பங்களை டி.வி. முன்னால் கட்டிப்போட்ட தொடர். மோர்ஸாக நடித்த ஜான் தா-வுக்கு இணையாகப் புகழ் பெற்றது, அவர் ஓட்டிய ஜாகுவார் மார்க் 2. காலின் டெக்ஸ்டரின் ஆரம்ப நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா கார். டி.வி.யில் ஜாகுவார் ஹிட் ஆனதும், மறுபதிப்புகளில் லான்சியாவும் ஜாகுவாராக மாறிவிட்டது!

தொடர் முடிந்ததும் அந்தக் கார் ஒரு போட்டியில் பரிசாகப் போனது. பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சீரமைத்து, 2005-ல் விற்பனைக்கு வந்தபோது 1 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. இத்தனைக்கும் அது மார்க் 2 வரிசையிலேயே சக்தி குறைந்த 2.4 லிட்டர் மாடல்!

இந்த வகைக்கு ‘ஸ்போர்ட்ஸ் சலூன்’ என்று பெயர். முடிவெட்டும் கடை இல்லை. குடும்பத்தோடு போகும் நான்கு கதவு காரை பிரிட்டிஷார் சலூன் என்பார்கள். அதற்குள் ரேஸ் காரின் வேகத்தை வைத்தால் ஸ்போர்ட்ஸ் சலூன்.

வில்லியம் லயன்ஸின் ஜாகுவார் நிறுவனம், கோவென்ட்ரி நகரில் 1959-ல் அதைத்தான் செய்தது. வால்நட் மர டாஷ்போர்டு, தோல் சீட், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 3.8 லிட்டர் மாடலில் 220 குதிரைசக்தி. மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகம். 1960-களில் வங்கிக் கொள்ளையர்கள் தப்பி ஓட விரும்பிய கார் இதுதான். துரத்திய போலீஸிடமும் இதே கார் இருந்தது.

இன்றும் ‘முழுமையாகச் சீரமைக்கப்பட்டது’ என்ற விளம்பரத்தோடு மார்க் 2 கார்கள் விற்பனைக்கு வருகின்றன. கண்ணாடி மாதிரி மின்னும் பெயின்ட்டைப் பார்த்ததும் மனசு மயங்கும். ஆபத்து அங்கேதான்.

மார்க் 2-வுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் காரையே தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்க ஸ்பிரிங் பொருந்தும் இடம்... இங்கெல்லாம் துரு பிடித்தால் அழகு மட்டும் கெடாது; காரின் பலமே போய்விடும்.

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வது மாதக்கணக்கான வேலை. பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது சில நாள் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்!

பிரிட்டனில் 40 வருடங்களைத் தாண்டிய கார், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால், எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தர சோதனை கட்டாயமில்லை. அதனால், பழைய காரின் அடிப்பகுதியை யாருமே பார்க்காமல் வருடங்கள் ஓடிவிடலாம்.

வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடி மேல் வைத்துப் பார்க்கலாம். தகடு என்றால் ஒட்டும். கனமான பட்டி என்றால் நழுவிவிடும். காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்ப்பது அவசியம். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த இன்ஜின் எண், நிறம் ஆகியவற்றுக்கு ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் சான்றிதழ் தருகிறது. அதோடு காரை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒழுங்காகச் சீரமைக்க ஆகும் செலவு, பல நேரங்களில் காரின் விற்பனை விலையையே தாண்டிவிடும். அதனால், வேலை முழுவதும் முடிந்த காரை ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், முடிந்தது எந்த வேலை என்று கேட்டே ஆக வேண்டும்.

அதற்கு நல்ல பதில், சீரமைப்பின்போது எடுத்த போட்டோ ஆல்பம். துருப்பிடித்த ஓட்டை, வெட்டி எடுத்த தகடு, புது வெல்டிங் என எல்லாம் அதில் இருக்கும். பளபள காரின் படத்தை எல்லோரும் காட்டுவார்கள். ஓட்டையாக இருந்த காலத்துப் படத்தையும் எடுத்து நீட்டுகிறாரே, அவரிடம் விலை பேச ஆரம்பிக்கலாம்.