47 ஏ/16 தாளைத் திறந்துவிடுங்கள்

டேராடூனில் உள்ள இந்திய சர்வேயர் ஜெனரல் அவர்களுக்கு,

மும்பை தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து எழுதுகிறேன். கேட்பது ஒரே ஒரு வரைபடத் தாள். ஆனால் அதன் பழைய பதிப்புகள் அத்தனையும் வேண்டும்.

47 ஏ/16 எண்ணுள்ள உங்கள் டோப்போஷீட்டில் மித்தி நதி தொடக்கம் முதல் முடிவு வரை அடங்கிவிடுகிறது. விகார் ஏரியைச் சுற்றிய குன்றுகள், பவாய், குர்லா, செம்பூருக்கு அப்பால் டிராம்பே மலை, கடைசியில் மாஹிம் கழிமுகம். 1860 வாக்கில் விகார் அணை எழுந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு வயலும் பனையும் கோலி மீனவர் குப்பங்களுமாக இருந்த நாட்டுப்புறம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் 73தான். வெள்ளம் வடிந்ததும் பழி முதலில் விழுந்தது கரையோரக் குடிசைகள்மீது. அவை நதியை நெருக்கவே இல்லை என்று வாதாட மாட்டேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள் சதுப்பில் குப்பையும் மண்ணும் கொட்டித்தான் குடியேறினார்கள். ஆனால் விமான நிலைய ஓடுபாதைக்காக நதியைச் செங்கோணமாக மடக்கியது குடிசைக்காரர்கள் அல்லர். பாந்த்ரா-குர்லா வளாகத்துக்காகச் சதுப்பை நிரப்பியதும் அரசுத் திட்டம்தான். யார் எப்போது எவ்வளவு நிரப்பினார்கள் என்பது பதிப்புகளை ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் தெரிந்துவிடும். தாராவி மறுசீரமைப்பு பேசப்படும் இந்நாளில் அந்தக் கணக்கு எங்களுக்கு வேண்டும்.

1737இல் ஆற்றோரம் கட்டிய காலா கில்லா கோட்டை இன்று வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அது ஒற்றைச் சாட்சி. வரைபடமோ முழுப் பள்ளத்தாக்குக்கும் சாட்சி.

அதன் குறையும் தெரியும். மைலுக்கு ஓரங்குல அளவுத் தாளில் சமஉயரக் கோடு 50 அடிக்கு ஒன்று. குர்லா முதல் மாஹிம் வரையிலான தாழ்நிலம் முதல் கோட்டுக்கும் கீழே. எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லாது. ஆனால் சதுப்புக் குறியும் ஓடைக் கோடும் உப்பளமும் அதில் உண்டு.

அமெரிக்க நிலவியல் துறை 1884 முதலான தன் தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. நமது அரசும் 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இன்றைய தாள்களை உங்கள் தளத்தில் இறக்கிக்கொள்ள முடிகிறது. பழையனவற்றையும் அங்கேயே ஏற்றுங்கள். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. அளந்த ஆண்டு அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தாராவிவாசி ஒருவன்