மொழியைக் கேட்கும் நாடு கற்பிக்கவும் வேண்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுள் ஒன்றில் குடியுரிமை பெற்றவர் மற்றொன்றில் வேலை செய்ய விசா வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் உரோம் உடன்படிக்கையில் வேரூன்றிய உரிமை இது. ஆனால், ஒன்றியத்தின் அலுவல் மொழிகள் 24. எல்லையில் எவரும் தடுக்காத ஒருவரை நேர்முகத் தேர்வில் மொழி தடுத்துவிடுகிறது. எனவே, மொழித்தகுதி கேட்பதே அச்சுதந்திரத்துக்கு முரண் என்றும், அனைவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் சிக்கல் தீரும் என்றும் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதம் பிழையானது என்பது என் கருத்து.

ஐரோப்பிய நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இங்குக் கருதத்தக்கவை. டப்ளின் கல்லூரியொன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருந்த நெதர்லாந்துப் பெண்மணிக்கு, ஐரிஷ் மொழித்தேர்வில் தேறாமையால் நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. பாடம் நடந்ததோ ஆங்கிலத்தில். ஆயினும், தன் மொழியை வளர்க்க முயலும் அரசு ஆசிரியரிடம் அம்மொழியறிவை அளவோடு எதிர்பார்க்கலாம் என 1989இல் தீர்ப்பாயிற்று. இத்தாலியின் போல்சானோவில் ஒரு வங்கி, அம்மாகாணத்தில் மட்டுமே வழங்கப்படும் இருமொழிச் சான்றிதழைக் கேட்டது. விண்ணப்பித்தவர் இரு மொழியும் அறிந்தவர். அந்தச் சான்றிதழ்தான் அவரிடம் இல்லை. மொழியறிவைக் கேட்கலாம், அதற்கு அந்த ஒரு சான்றிதழையே ஆதாரமாகக் கேட்பது பாகுபாடு என்று 2000இல் நீதிமன்றம் கூறியது.

இரண்டும் நியாயமான தீர்ப்புகளே. நோயாளியின் பேச்சு விளங்காத செவிலியரை எவரும் விரும்பார். ஆனால், வேலைக்கு வருபவரிடம் எதைக் கேட்கலாம் என்பதோடு இவ்விரண்டும் நின்றுவிடுகின்றன. அவர் அம்மொழியை எங்கே, எப்போது, யார் செலவில் கற்பது? இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அந்நாட்டு மொழியை இலவசமாகக் கற்பிக்க வேண்டுமென 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூக ஆணை விதித்தது. பெற்றோரைப் பற்றி அது பேசவில்லை. பள்ளி செல்லும் பிள்ளை மொழியைக் கற்றுக்கொள்கிறது. இரவுப்பணியில் அலுவலகங்களைத் துடைக்கும் தாய்க்கு மருத்துவரிடம் அப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிறது. ஆங்கிலத்தில் இயங்கும் நிறுவனத்துப் பொறியாளருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆக, சட்டத்தின் முன் சமமாக உள்ள சுதந்திரம், நடைமுறையில் வர்க்கத்துக்கு ஏற்றாற்போல் சுருங்குகிறது.

பிள்ளைகளுக்கு அளித்த உரிமையைத் தொழிலாளருக்கும் நீட்டிக்க வேண்டும். வேலைநேரத்துக்குள்ளேயே, ஊதியம் குறையாமல், மொழி வகுப்பு நடக்க வேண்டும். இன்று வந்து நாளை போய்விடுபவருக்காக ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கலாம். மொழி தெரியாமையும் அவர் போய்விடுவதற்கு ஒரு காரணம் அல்லவா? மேலும், ஐரிஷ், எஸ்தோனியம், மால்டியம் போன்ற சிறிய மொழிகளுக்குப் புதிதாகக் கற்றுப் பேசும் ஒவ்வொருவரும் வரவே. தேர்வு மட்டும் நடத்தும் மொழி வேலைகளைக் காத்துக்கொள்ளலாம். பேசுவோரைப் பெருக்கிக்கொள்ள அதற்கு வகுப்பறையும் வேண்டும்.