டிராக்டர் நிறுவனத்தின் தலைவி

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கச்சிராயபாளையம் சாலையிலும் மூங்கில்துறைப்பட்டு சாலையிலும் இரவு பகல் பாராமல் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இரண்டும் இந்த ஊர்களில்தான் இருக்கின்றன. கரும்பு ஓய்ந்தால் மக்காச்சோளம். அதுவும் இல்லையென்றால் சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கிழங்கு. சுமை எதுவானாலும் இழுக்கும் வண்டி ஒன்றுதான். மாஸி ஃபெர்குசன், ஐஷர் என்ற பெயர்களைக் கேட்டதும் எத்தனை குதிரைத்திறன், மணிக்கு என்ன வாடகை என்று சொல்லிவிடக்கூடியவர்கள் இந்த மாவட்டத்து உழவர்கள். அந்த இரண்டு டிராக்டர்களையும் செய்து விற்கும் சென்னை நிறுவனத்தை நடத்துபவர் ஒரு பெண் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் மல்லிகா சீனிவாசன். நிறுவனத்தின் பெயர் டாஃபே. எண்ணிக்கை அளவில் இந்தியாவின் இரண்டாவது பெரிய, உலகின் மூன்றாவது பெரிய டிராக்டர் நிறுவனம் அது.

1959இல் பிறந்த மல்லிகாவுக்கு வாசல் திறந்தே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. தாத்தா அனந்தராமகிருஷ்ணன், சிம்ப்சன் நிறுவனத்தை மையமாக வைத்து அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டியெழுப்பியவர். சென்னை மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரானதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். தந்தை சிவசைலம் அந்தக் குழுமத்தைப் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர். கணவர் டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தின் வேணு சீனிவாசன். இத்தனை பின்புலம் உள்ள வீட்டுப் பெண், பெயரளவுக்கு ஓர் இயக்குநர் பதவியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த பாதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அளவியலில் தங்கப் பதக்கத்துடன் முதுகலை முடித்தார். அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் நிர்வாகவியல் படித்தார். 1986இல் ஊர் திரும்பி டாஃபேயில் பொது மேலாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27கூட நிறையவில்லை.

1960இல் தொடங்கப்பட்ட டாஃபே அன்று சிறிய நிறுவனம்தான். ஆண்டு விற்பனை சுமார் 85 கோடி ரூபாய். தொழிற்சாலையில் ஆண்கள், முகவர்கள் ஆண்கள், கடையில் வந்து விலை பேசுபவர்களும் ஆண்கள். டிராக்டர் தொழிலோ மழையை நம்பிய தொழில். பருவமழை ஓர் ஆண்டு பொய்த்தால் விற்பனை சரியும், முகவர்களின் முற்றத்தில் வண்டிகள் வெயிலில் காயும். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் நாடு முழுவதும் அப்படியொரு நெடிய சரிவு வந்தது. பல நிறுவனங்கள் திணறின.

சரிவு நீங்கிய வேகத்தில் மல்லிகா எடுத்த முடிவுதான் டாஃபேயின் அளவையே மாற்றியது. 2005இல் ஐஷர் நிறுவனத்தின் டிராக்டர், இன்ஜின், கியர் தொழிலை 310 கோடி ரூபாய்க்கு வாங்கினார். தென்னிந்தியாவில் வேரூன்றியிருந்த நிறுவனத்துக்கு, ஒரே கையெழுத்தில் வட இந்தியக் கிராமங்களின் கதவு திறந்தது. மத்தியப் பிரதேசத்தில் தொழிற்சாலையும் கிடைத்தது. வாங்கிய பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை ஒட்டவில்லை. ஐஷர் ஐஷராகவே இன்றும் ஓடுகிறது. அந்தப் பெயர் மேல் உழவர்கள் வைத்த நம்பிக்கைக்கு அவர் கொடுத்த மதிப்பு அது. பிறகு துருக்கியில் ஒரு தொழிற்சாலை. 2018இல் செர்பியாவின் பழம்பெரும் டிராக்டர் பெயரான ஐஎம்டியும் டாஃபே வசம் வந்தது. இன்று ஆண்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் டிராக்டர்கள் வரை விற்கும் நிறுவனம், எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வண்டி அனுப்புகிறது.

2011இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் அக்கோ நிறுவனம் மல்லிகாவைத் தன் இயக்குநர் குழுவில் சேர்த்துக்கொண்டது. மாஸி ஃபெர்குசன் என்ற பெயரின் உலக உரிமை அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது. 2014இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021இல் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்கு உயர் அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியத்துக்குத் தலைவரானார். தனியார் துறையிலிருந்து ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

கடினமான சோதனை அதற்குப் பிறகு வந்தது. டாஃபேயின் பங்குகளில் 20.7 விழுக்காடு அக்கோவிடம் இருந்தது. அக்கோவின் பங்குகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு டாஃபேயிடம். மாஸி ஃபெர்குசன் பெயரோடு இருந்த அறுபது ஆண்டுப் பழக்கத்தில் விரிசல் விழுந்தது. அமெரிக்க நிறுவனத்தின் நிர்வாகத்தை டாஃபே கேள்வி கேட்டது. 2024 செப்டம்பரில் மாஸி ஃபெர்குசன் பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை ரத்து செய்வதாக அக்கோ அறிவித்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. உழவர் மனதில் பதிந்த ஒரு பெயரை இழந்தால் டிராக்டர் நிறுவனத்துக்கு மிஞ்சுவது இரும்பும் பெயின்ட்டும்தான். மல்லிகா பின்வாங்கவில்லை. 2025 நடுவில் சமரசம் ஏற்பட்டது. இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் மாஸி ஃபெர்குசன் பெயர் முழுமையாக டாஃபேக்கே சொந்தமானது. தன்னிடமிருந்த பங்குகளை 26 கோடி டாலருக்கு டாஃபேயிடமே விற்றுவிட்டு அக்கோ விலகியது. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரை வாடகைக்கு எடுத்து வளர்ந்த சென்னை நிறுவனம், அந்தப் பெயருக்கே உரிமையாளரான கதை இது.

தமிழ்ப் பெண்கள் பெருநிறுவனத் தலைமைக்கு வந்த வழிகள் பல. 1955இல் சென்னையில் பிறந்த இந்திரா நூயி குடும்பத் தொழில் எதுவும் இல்லாமல், கிறிஸ்தவக் கல்லூரி, கல்கத்தா ஐஐஎம், யேல் எனப் படிப்பையே ஏணியாக்கி ஏறியவர். 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமை நிர்வாகி. மல்லிகாவுக்கு ஏணி வீட்டிலேயே இருந்தது. ஆனாலும் 85 கோடி ரூபாய் நிறுவனத்தை உலக வரிசையில் நிறுத்தியது அவருடைய நாற்பது ஆண்டு உழைப்பு. ஒரே தொழில், ஒரே வாடிக்கையாளர், அதாவது உழவர். இதைவிட்டு அவர் கண் அகலவில்லை. 2020 ஊரடங்கில் தமிழ்நாட்டின் சிறு, குறு விவசாயிகளுக்கு மூன்று மாதம் டிராக்டரை வாடகையின்றி உழவுக்குக் கொடுத்தது டாஃபே. அரசின் உழவன் செயலியில் பதிவு செய்தால் வண்டி வயலுக்கு வந்தது. 2021லும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது.

இங்கேதான் கள்ளக்குறிச்சிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி பிறக்கிறது. டிராக்டரைச் செய்யும் நிறுவனத்துக்குப் பெண் தலைமை வகிக்கலாம் என்றால், டிராக்டரை ஓட்டும் இருக்கையில் ஏன் பெண் இல்லை? நாற்று நடுவதும் களை எடுப்பதும் மக்காச்சோளக் கதிர் ஒடிப்பதும் பெண்கள். உழவு, அறுவடை, சுமை என்று இயந்திரம் நுழைந்த வேலைகளிலெல்லாம் கூலி ஆண் கைக்குப் போய்விட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் விவசாய நில உடைமைகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 விழுக்காடு மட்டுமே. நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை, இயந்திரமும் கிடைப்பதில்லை.

கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த அந்த மலைக் கிராமங்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல்தான். சரிவில் கிடக்கும் சிறு துண்டு நிலங்களில் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குப் பெரிய டிராக்டர் உதவாது. பவர் டில்லரும் களையெடுக்கும் சிறு கருவியும் உதவும். மலையிலேயே அவற்றை வாடகைக்குக் கொடுக்கும் நிலையம் வேண்டும், அதை நடத்தப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கும் பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு மானியம் உண்டு. மற்ற பெரிய விவசாயிகளுக்கு 40 விழுக்காடு. வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைச் செயலியில் கருவிகளைப் பதிவு செய்து எடுக்கலாம். டிராக்டர் ஓட்ட இலகு ரக வாகன உரிமம் போதும். மாவட்ட நிர்வாகம் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலும் கீழே கள்ளக்குறிச்சியிலும் மகளிர் குழுக்களுக்கு ஓட்டுநர் பயிற்சியும் பழுது பார்க்கும் பயிற்சியும் தொடங்கட்டும். டாஃபே போன்ற நிறுவனங்கள் அதற்கு வண்டியும் பயிற்றுநரும் தந்து துணை நிற்கட்டும். மகளிர் குழுவில் இருக்கும் சகோதரிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போட்டு, வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வரும் உழவுப் பருவத்துக்கு முன்பே கொடுங்கள்.