கையா, கணினியா, ஃபிளாஷா? தோட்டப்புற வகுப்பறையிலிருந்து ஒரு கருத்து



அண்மையில் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். சங்கத்தின் கையிருப்பில் சிறிது பணம் இருந்தது. அதைக்கொண்டு முப்பரிமாண அசைவூட்டப் படங்கள் அடங்கிய பாடத்தொகுப்பு ஒன்றை வாங்கலாம் என்று ஒரு தந்தை முன்மொழிந்தார். தாளும் பென்சிலும் ஒரு கைப்பேசித் தாங்கியும் வாங்கி, பிள்ளைகளையே படம் செய்ய விடலாம் என்றேன் நான். "ஐயா, இந்தக் காலத்தில் யார் கையால் வரைந்துகொண்டிருக்கிறார்கள்? நம் பிள்ளைகள் உப்பின் இப்பின் பார்த்து வளர்ந்தவர்கள். பழைய முறையில் படம் காட்டினால் உட்காருவார்களா?" என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. இரண்டு நிமிடத்தில் விடை கூற என்னால் இயலவில்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை. கையால் வரைவது, கணினியில் முப்பரிமாணமாக உருவாக்குவது, ஃபிளாஷ் போன்ற மென்பொருளில் செய்வது ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பிட்டு, நம் பிள்ளைகளுக்கு எது எதற்குப் பயன்படும் என்பதைச் சிந்திப்போம்.

கையால் வரைந்த படம்

சற்றே மாறுபட்ட படங்களை விரைந்து அடுத்தடுத்துக் காட்டினால், நம் கண்ணும் மூளையும் அவற்றை ஓர் அசைவாக இணைத்துக்கொள்கின்றன. அசைவூட்டப் படத்தின் அடிப்படை இதுதான். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவர். அப்படியென்றாலும் வினாடிக்கு 12 படங்கள், ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் வேண்டும். 1937ஆம் ஆண்டு வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' முழுநீளப் படமும் இப்படிக் கையால் வரையப்பட்டதே.

நம் நாட்டிலும் தொடக்கம் கைதான். மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமாகக் கருதப்படுவது 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. ஃபிலெம் நெகாராவில் 1978ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட இப்படம், 1983ஆம் ஆண்டுதான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தந்திரக்காரச் சருகுமானின் கதையைப் படமாக்கியவர் ஆனந்தம் சேவியர். அந்தப் பெயரை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? ஆசிரியர்களாகிய நாமே எத்தனை பேர் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்?

தமிழ்த் திரையுலகிலும் ஒரு சான்று உண்டு. 1989ஆம் ஆண்டு வெளிவந்த 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கையால் வரைந்த விலங்குகளோடு சேர்ந்து ஆடிப்பாடினர். அந்த அசைவூட்டத்தைச் செய்தவர் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகன்.

கைமுறையின் குறை வெளிப்படை. காலம் பிடிக்கும், கை வலிக்கும். ஒரு தலையைத் திருப்பவேண்டுமானால் அத்தனை கோணங்களையும் புதிதாக வரையவேண்டும். ஆனால், வரைகிறவர் ஒவ்வொரு நொடியையும் உற்றுப் பார்த்தே தீரவேண்டும் என்பதுதான் இதன் பெரும்பயன்.

கணினியில் உருவான முப்பரிமாணம்

முப்பரிமாண முறையில் படம் வரைவதில்லை; பொம்மை செய்கிறார்கள் என்று சொல்லலாம். உருவத்தைக் கணினிக்குள் கட்டி, அதற்குள் எலும்புச்சட்டம் பொருத்தி, மேலே தோலும் நிறமும் பூசி, விளக்கொளி அமைத்து, பிறகு அசைக்கிறார்கள். இறுதியில் ஒவ்வொரு சட்டத்தையும் கணினி கணக்கிட்டுத் தருகிறது. வினாடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440. முழுவதும் இவ்வாறு உருவான முதல் முழுநீளப் படம் 1995ஆம் ஆண்டின் 'டாய் ஸ்டோரி'.

2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் உப்பின் இப்பின் தொடர் வந்தது. அதே ஆண்டில்தான் தமிழில் 'இனிமே நாங்கதான்' என்னும் முப்பரிமாணப் படம் இளையராஜாவின் இசையில் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு, நடிகர்களின் உடலசைவைப் பதிவுசெய்து 'கோச்சடையான்' உருவாக்கப்பட்டது. உடல் அசைந்த அளவுக்கு முகம் அசையவில்லை என்பது என் எண்ணம். ரஜினிகாந்தின் முகத்தைத் தமிழ்ப் பார்வையாளர்கள் நன்கு அறிவார்கள் அல்லவா! பழகிய முகத்தில் சிறு பிசகு இருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

இம்முறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஒருமுறை கட்டிய உருவத்தை எந்தப் பக்கமும் திருப்பிக் காட்டலாம். ஒரு கனச்சதுரத்தை 11 வகைகளில் விரித்துத் தட்டையாக்கலாம் என்பதைக் கரும்பலகையில் விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முப்பரிமாணப் படத்தில் அது அரை நிமிட வேலை. இதயத்தின் அறைகள், நிலவின் பிறைகள் ஆகியவற்றுக்கும் இதுவே பொருத்தம்.

செலவும் முன்போல் இல்லை. 2025ஆம் ஆண்டு ஆஸ்கார் விருது பெற்ற 'ஃப்ளோ' என்னும் லாத்வியா நாட்டு இயக்குநரின் படம், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் செய்யப்பட்டது. ஆயினும், அதற்குத் தேர்ந்த கலைஞர்களின் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. பத்து வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் செய்யக்கூடியது அன்று. ஆகவே, தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை முப்பரிமாணம் என்பது பெரும்பாலும் வாங்கிப் பார்ப்பதாகவே இருக்கிறது.

வாங்கிப் பார்ப்பதில் ஓர் இழப்பும் உண்டு. உப்பின் இப்பினில் முத்துவும் அவர் மகன் ராஜுவும் வருகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களைக் கண்டு மகிழ்கிறார்கள்; நானும் மகிழ்கிறேன். ஆனால் அது டுரியான் ருந்து கம்பத்தின் கதை. முத்து அங்கே அண்டைவீட்டார். பெரட்டுக்களமும் லயன் வீடுகளும் தோட்டத்துக் கோவிலும் நடுவில் இருக்கும் கதையை வேறொருவர் நமக்காகக் கட்டித் தருவார் என்று காத்திருப்பது முறையா?

கேலிச்சித்திரக் கலைஞர் லாட் காத்திருக்கவில்லை. தாம் பிறந்த பேராக் கம்பத்தையும் ஈயச் சுரங்கத்தையும் தாமே வரைந்து 1979ஆம் ஆண்டு 'கம்போங் பாய்' நூலை வெளியிட்டார். அதிலிருந்து உருவான தொலைக்காட்சித் தொடர் 1999ஆம் ஆண்டு பிரான்சின் அன்னெசி அசைவூட்டப்பட விழாவில் பரிசு வென்றது.

ஃபிளாஷ் தந்ததும் பறித்ததும்

இனி, என் தலைமுறை ஆசிரியர்களுக்கு நெருக்கமான ஃபிளாஷுக்கு வருவோம். 1996ஆம் ஆண்டு மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்து ஃபிளாஷ் என்று பெயர்பெற்ற இம்மென்பொருள், 2005ஆம் ஆண்டு அடோபியிடம் சென்றது. கோடுகளைப் புள்ளிகளாகச் சேமிக்காமல் கணக்காகச் சேமித்ததால் கோப்பு மிகச் சிறியதாக இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்து வந்த காலத்தில் அது பெரும் வரம்.

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003ஆம் ஆண்டு தொடங்கியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வந்தன. அவற்றைக் கொண்டே நாங்கள் தமிழ்ப் பாடங்களையும் செய்யத் தலைப்பட்டோம். தொல்லைகளும் இருந்தன. ஒருங்குறியில் தட்டிய 'கொ', பழைய பதிப்புகளில் கொம்பு ஒருபுறம் கால் ஒருபுறம் என்று சிதறி நின்றது. எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டிச் சமாளித்தோம். ஆனாலும் 'ழ' எங்கே தொடங்கி எங்கே சுழிந்து முடிகிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டியபோது, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் விரலைக் காற்றில் அசைத்து உடன் எழுதினார்கள். அந்த மகிழ்ச்சியை மறக்க இயலாது. பார்வையாளராக இருந்த ஆசிரியரைப் படைப்பாளராக மாற்றியது ஃபிளாஷ்தான்.

அதன் எளிமையின் இரகசியம், இடைப்பட்ட படங்களை அதுவே நிரப்பியதுதான். தொடக்க நிலை ஒன்று, முடிவு நிலை ஒன்று கொடுத்தால் போதும். நடுவே உள்ளவற்றைக் கணினி பார்த்துக்கொள்ளும். இந்த எளிமைக்குள் ஒரு பள்ளம் இருந்ததை எனக்குக் காட்டியவர் ஒரு நான்காம் ஆண்டு மாணவி.

பால்வெட்டுத் தொழிலைப் பற்றி ஒரு பாடம் செய்திருந்தேன். மரத்தில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்ந்த வெட்டு. அதன்வழி வெள்ளைக்கோடு ஒன்று சீராக ஓடி வந்து மங்கில் விழும். நன்றாகத்தான் இருந்தது என்று நான் நினைத்தேன். பாடம் முடிந்ததும் அந்த மாணவி எழுந்து, "ஐயா, பால் இப்படி ஓடாதுங்க. அது தண்ணிங்க. பால் மொதல்ல வெட்டு பூரா பொட்டுப் பொட்டா பூக்கும். அப்புறந்தான் சேர்ந்து எறங்கும்" என்றாள். பாட்டியுடன் விடியற்காலையில் நிரைக்குச் சென்று பார்த்தவள் அவள்.

பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, மூலையில் வரைந்து காட்டச் சொன்னேன். மறுநாள் 32 பக்கங்களில் வரைந்து வந்தாள். விரலால் புரட்டினேன். பொட்டுகள் பூத்தன, ஒன்றோடொன்று சேர்ந்தன, மெல்ல இறங்கின. ஏறக்குறையப் பாதிப் பக்கங்களில் சொட்டு தகரத்தின் நுனியில் தொங்கிக்கொண்டே இருந்தது. கனத்தது, நீண்டது, பிறகு ஒரே பக்கத்தில் விழுந்தது. எங்கே தாமதிக்கவேண்டும், எங்கே விரையவேண்டும் என்பது தேர்ந்த கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பயிலும் பாடம். பாட்டியின் பக்கத்தில் நின்று பார்த்த கண் அதை அறிந்திருந்தது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஃபிளாஷில் வசதி இருந்தது. பால் எப்படி இறங்கும் என்று உற்றுப் பாராத என்னால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை.

ஃபிளாஷின் முடிவை நீங்கள் அறிவீர்கள். 2017ஆம் ஆண்டு முன்னறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 31ஆம் நாள் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கி தன் கோப்புகளைத் தானே ஓட்ட மறுத்தது. பல இரவுகள் விழித்துச் செய்த பாடங்கள் குறுவட்டுகளில் உறங்கிப்போயின. 'ரஃபிள்' என்னும் மென்பொருளின் உதவியால் சில கோப்புகளை இன்றும் திறக்கலாம், எல்லாவற்றையும் அன்று. கையால் வரைந்த தாளுக்கும் கரையான் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். இருப்பினும், எழுத்துவடிவமும் ஓவியமும் குரல்பதிவும் தனித்தனியே வைத்திருந்த ஆசிரியர்கள் பாடங்களை வேறு மென்பொருளில் மீண்டும் கட்டினார்கள். முடிந்த கோப்பை மட்டும் வைத்திருந்த என்னைப் போன்றவர்கள் கையைப் பிசைந்தோம்.

என் நிலைப்பாடு

மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது எதற்கு என்று கேட்பதே பொருத்தம். பொருளைத் திருப்பிப் பார்க்கவேண்டிய கணிதம், அறிவியலுக்கு முப்பரிமாணம் வாங்கலாம். இலவசமாகக் கிடைப்பவற்றை முதலில் தேடலாம். எழுத்து, சொல், இலக்கணப் பயிற்சிக்கு ஆசிரியரே எளிய மென்பொருளில் செய்யலாம். கதை, வாழ்க்கை, உணர்வு ஆகியவற்றுக்குப் பிள்ளையின் கையே முதலில் வரவேண்டும். பணம் செலவிடும் முன் மூன்று வினாக்களைக் கேட்போம்:

1. இதில் பிள்ளை எதையேனும் செய்கிறதா, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறதா?
2. நம் ஊரும் நம் மக்களும் இதில் இருக்கிறார்களா?
3. இந்த மென்பொருள் நாளை நின்றுபோனால் நம் கையில் என்ன எஞ்சும்?

தோட்டப்புறப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவு என்று வருந்துகிறோம். அதையே வாய்ப்பாக்கலாம். ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் என்று கொள்வோம். ஆளுக்கு 12 படங்கள் வரைந்தால் 120 படங்கள். கைப்பேசியை அசையாமல் பொருத்தி ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, வினாடிக்கு 12 வீதம் ஓட்டினால் 10 வினாடிப் படம். ஆளுக்கு ஒரு வினாடி! 10 வினாடிக்குள் ஒரு பாட்டி தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தை அணுகி, வெட்டி, மங்கை நிமிர்த்திவிடலாம்.

இதைத் தள்ளிப்போட நமக்குக் காலமில்லை. லாபு, செண்டாயான், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ச் சாலைகள் வருகின்றன. பால் முதலில் பொட்டுப் பொட்டாய்ப் பூக்கும் என்று சொல்லத் தெரிந்த பாட்டிகள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் அருகில் அமர்ந்து கேட்டு வரையட்டும்.

பாடத்தொகுப்பு வேண்டுமா, வரைதாள் வேண்டுமா என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாக இருக்கிறார்கள். கேள்வி கேட்ட அந்தத் தந்தையிடம் அந்த 32 பக்கப் புத்தகத்தைக் காட்டுவதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதன் பிறகு அவர் எந்தப் பக்கம் கை உயர்த்தினாலும் எனக்குச் சம்மதமே.

உங்கள் பள்ளிகளில் இத்தகைய முயற்சிகள் நடந்திருந்தால் அறியத் தாருங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.