புள்ளி என்ன நிறுத்தக்குறியா?

நிரலாக்கம் பழகுற எல்லாருக்கும் ஒருநாள் 'பிக் லத்தீன்' பயிற்சி வந்து சேரும். ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைக் கழற்றிக் கடைசியில் வைத்து, 'ஏ' என்ற ஒலியைச் சேர்க்க வேணும். பிக் என்றால் இக்பே. வசனத்தில் கிடக்கிற காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் அப்படியே நிற்கணும். இதுக்குத்தான் ரெஜெக்ஸ் சொல்லித் தாறாங்க. 'சொல்லுக்குரிய எழுத்துகளை மட்டும் பிடி' என்று ஒரு குறி போட்டால் வேலை முடிஞ்சுது.

இப்ப ஆங்கில வசனத்துக்குப் பதிலா எங்கட ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பாருங்க. பைத்தனோடு வருகிற வழக்கமான ரெஜெக்ஸ், 'ஆலையடிவேம்பு' என்ற ஒரே சொல்லை ஆல, யட, வ, ம, ப என்று ஐந்து துண்டாக்கும்.

காரணம் லேசானது. யூனிகோடில் 'லை' ஒரு எழுத்து இல்லை. ல என்ற எழுத்தும் ஐகாரக் குறியும். மெய்யின் புள்ளியும் அப்படித்தான், தனிக்குறி. பைத்தனின் அந்தச் 'சொல்லெழுத்து' வகைக்குள்ள எழுத்து, எண், அடிக்கோடு மூன்றும் வரும். ஒட்டும் குறிகள் வராது. அடிக்கோட்டுக்குச் சொல்லுக்குள்ள கதிரை போட்டிருக்கு, புள்ளிக்கு இல்லை! தமிழில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் ஐரோப்பியர் வந்த பிறகு, அச்சோடு பரவியவை. மெய்க்குப் புள்ளி என்பதோ தொல்காப்பியம் சொன்ன விதி. இரண்டையும் ஒரே கூடையில போட்டுக் கொட்டினால் எப்படி?

'பயிற்சிதானே, விடுங்க' என்று சொல்லலாம். எங்களால விட ஏலாது. கலைப்பீடத்தில இப்ப பத்திரிகைச் செய்திகளையும் நேர்காணல்களையும் கணினியில போட்டுச் சொல் எண்ணுற ஆய்வுகள் வரத் தொடங்கிட்டு. அதன் முதல் படி 'நிறுத்தக்குறிகளை நீக்கு'. ஆங்கிலப் பயிற்சியில பழகின அதே வரியைத் தமிழுக்குப் போட்டால் கலை, காலை, கொலை, கேலி நாலும் 'கல' ஆகிவிடும். கலையும் கொலையும் ஒண்டு என்று வாற அட்டவணையை வைத்து யாரோ ஒருவர் முடிவுரை எழுதுவார். நிரல் பிழைச்செய்தி ஒண்டும் காட்டாது, அதுதான் பயம்.

உடனே 'தமிழ் கணினிக்குச் சரிவராது' என்று தீர்ப்புச் சொல்லுறவங்களும் இருக்காங்க. ஆங்கிலமும் இதே வலையில சிக்குற மொழிதான். 'டோன்ட்' என்ற சொல்லை அதன் மேற்கோற்குறியில வைத்து இந்த ரெஜெக்ஸ் இரண்டாக வெட்டும். ஆனா அதுக்கு விளக்கம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க.

தமிழுக்கும் வழி இருக்கு. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கின 128 இடங்களையும் ஒரு வீச்சாகக் கொடுத்தால் சொல் உடையாது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க 'ஓப்பன் தமிழ்' என்ற திறமூல நூலகம் இருக்கு. ஸ்ரீ, க்ஷ மாதிரிக் கூட்டெழுத்துகளில மட்டும் கொஞ்சம் கவனம் வேணும்.

தமிழ் மாணவருக்குப் பாடம் எடுக்கிறவங்களிடம் நாங்க கேட்பது ஒண்டுதான். பிக் லத்தீனுக்குப் பக்கத்திலேயே 'க' பாஷையையும் பயிற்சியாக வையுங்க. சின்னப்பிள்ளைகள் ரகசியம் பேசுற அதே பாஷைதான். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால ஒரு க. 'வேம்பு' என்றால் கவே, கம், கபு. 'வேம்பு!' என்று ஆச்சரியக்குறியோட கொடுத்தால் குறி கடைசியிலேயே நிற்கணும், புள்ளியும் கழரக் கூடாது.