பீடியிலிருந்து தேங்காய்ப்பாலுக்கு

பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு 1968இல் நடைமுறைப்படுத்தியதும், மங்களூர் பீடி முதலாளிகள் அதற்குக் கட்டுப்பட மறுத்துக் கண்ணூரில் கடையைக் கட்டினார்கள். வேலையிழந்தவர்களைக் கொண்டு, அரசின் கடனுதவியோடு, 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. சுற்றுகிறவரே பங்குதாரர். உச்சக் காலத்தில் ஏறத்தாழ 40,000 பேருக்குப் போனஸும் விடுப்பும் ஓய்வூதியமும் தந்தது.

பிறகு பீடி விற்பனை சரிந்தது. சங்கம் வீம்பு பிடிக்கவில்லை. மசாலாப் பொடி, தேங்காய்ப்பால், குடை, ஆயத்த ஆடை, மென்பொருள் என்று இறங்கியது. ஆனால் புதிய தொழில்கள் பழைய எண்ணிக்கையில் வேலை தரவில்லை. இதைச் சங்கத்தின் அபிமானிகள் மழுப்பக் கூடாது.

பொதுவுடைமை நிலைக்க வேண்டுமானால் உடைமை மட்டும் தொழிலாளியிடம் இருந்தால் போதாது. சந்தை மாறும்போது சரக்கை மாற்றும் துணிவும் வேண்டும். அந்த மாற்றத்துக்கான முதலீட்டைக் கூட்டுறவு வங்கிகள் தர வேண்டும். மூடும் நிலை வந்த பிறகு அரசு நீட்டும் நிவாரணம் முதலீடாகாது.